எபிசோட் 41: ப்ளூஸ் பாட எந்த நொட்டேஷன்?

(ஒலிவடிவம் வாசிப்புக்காகச் சற்றே செப்பனிடப்பட்டுள்ளது.)

போன எபிசோடில் பெஸ்ஸி ஸ்மித்தைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. சர்ச் கொயரில் பாடுறவங்க, ஸ்டாஃப் நொட்டேஷன் நல்லா வாசிப்பாங்க. 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாடிப் பார்க்கலாம்னு நொட்டேஷன் தேடினால் மூன்று கிடைத்ததாம். ஒன்று 1914-இல் அச்சானது. இன்னொன்று பெஸ்ஸி ஸ்மித் தட்டைக் கேட்டு யாரோ எழுதியது. மூன்றாவது வெறும் மெட்டும் மேலே கார்ட் பெயர்களும் மட்டும் உள்ள ஒரு பக்கம். "மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. எது சரியான நொட்டேஷன்?" என்பது கேள்வி.

பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மூன்று காகிதமும் யாருக்காக, எதற்காக எழுதப்பட்டவை என்று தெரியாமல் அந்தப் பதில் பயன்படாது. அதனால் கொஞ்சம் பின்னால் போவோம்.

1903 வாக்கில், மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையம். ராத்திரி நேரம், ரயில் தாமதம். டபிள்யூ. சி. ஹேண்டி என்ற பேண்ட் மாஸ்டர் தூங்கி வழிந்துகொண்டு காத்திருக்கிறார். பக்கத்தில் கந்தல் உடையில் ஒருவர் கிட்டார் வாசிக்கிறார். விரலால் அழுத்தாமல் தந்தியின் மேல் ஒரு கத்தியை வைத்து இழுக்கிறார். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஓர் ஊரைப் பற்றி ஒரே வரியை மூன்று தடவை பாடுகிறார். தான் அதுவரை கேட்டதிலேயே விசித்திரமான இசை அதுதான் என்று ஹேண்டி 1941-இல் வெளியான தன் சுயசரிதையில் எழுதுகிறார்.

ஹேண்டி யார் என்பது இங்கே முக்கியம். 1873-இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா போதகர். பையன் காசு சேர்த்து ஒரு கிட்டார் வாங்கி வந்தபோது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அகராதி வாங்கி வரச் சொன்னவர். அப்படி வளர்ந்த பையன் நொட்டேஷன் முறையாகக் கற்றுக்கொண்டு, கார்னெட் வாசித்து, பேண்ட் நடத்துகிறார். எழுதத் தெரிந்தவர். ரயில் நிலையத்தில் வாசித்த அந்த மனிதருக்குத் தெரியாதது அந்த ஒன்றுதான். அவர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

அதே மிசிசிப்பியில், கிளீவ்லேண்ட் என்ற ஊரில், ஹேண்டியின் பேண்ட் ஒரு நடன நிகழ்ச்சிக்கு வாசிக்கிறது. "உங்க ஊர் இசை ஏதாவது வாசிங்களேன்" என்று ஒரு சீட்டு வருகிறது. ஹேண்டி என்னவோ வாசிக்கிறார், எடுபடவில்லை. உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் அடிவாங்கிய கிட்டார், மாண்டலின், பேஸ் என்று வாசிக்கிறார்கள். முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. நாணயங்கள் மழையாக விழுகின்றன. அந்த ராத்திரி முழுக்க வாசிக்கத் தன் ஒன்பது கலைஞர்களுக்குப் பேசிய கூலியைவிட அது அதிகம் என்று ஹேண்டி எழுதியிருக்கிறார். இந்த இசையை எழுதிவைத்தால் விற்கலாம் என்று தோன்றியதே அங்கேதான் என்பதை அவர் மறைக்கவில்லை. எனக்கு அவரிடம் பிடித்தது இந்த நேர்மை.

ஆனால் ப்ளூஸைக் காகிதத்தில் எழுதுவது எப்படி? இந்தச் சிக்கல் ஹேண்டிக்கு முன்பே இருந்தது. 1867-இல் மூன்று வெள்ளையர்கள் சேர்ந்து அடிமைகளாயிருந்த மக்களின் பாடல்களை நொட்டேஷனோடு புத்தகமாகப் போட்டார்கள். அந்தக் குரல்களின் நெளிவுகளைக் காகிதத்தில் கொண்டுவர முடியவில்லை என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். சாதாரண காந்தாரம் இருக்கிறது, அந்தர காந்தாரம் இருக்கிறது. ப்ளூஸ் பாடகரின் காந்தாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். ஒரு இடத்தில் நிற்கவும் நிற்காது, கீழிருந்து மேலே வழுக்கும், அல்லது போய்விட்டுத் திரும்பும். நிஷாதமும் அப்படியே. இதைத்தான் 'ப்ளூ நோட்' என்கிறார்கள். பியானோவில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது. ஐந்து கோடு நொட்டேஷனிலும் அதற்கு இடமில்லை. ஹேண்டி செய்தது ஒரு சமரசம். மேஜர் ஸ்கேலில் போகும் மெட்டில், அந்த இரண்டு ஸ்வரங்களுக்கும் அங்கங்கே ஃபிளாட் குறி போட்டார். பாடகர் எங்கே வழுக்குகிறார் என்பதை அந்தக் குறி சுட்டிக் காட்டுகிறதே தவிர, எப்படி வழுக்குகிறார் என்று அதனால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனிக்கணும். ஷீட் மியூசிக் என்பது அன்றைக்குப் பாடகருக்கான பொருளே அல்ல. வீட்டில் பியானோ வைத்திருந்த குடும்பங்களுக்காக அச்சடித்தது. அதனால் பாட்டின் மெட்டு முழுவதையும் பியானோவின் வலது கைக்கும் எழுதிவிடுவார்கள். பாடுபவர் இல்லாவிட்டாலும் பாட்டு ஓடும். ஸ்ருதியும் ஒன்றுதான், அச்சில் என்ன இருக்கிறதோ அதுவே. அது நம் குரலுக்கு ஒத்துவருமா என்று யாரும் கேட்கவில்லை.

1912-இல் ப்ளூஸ் என்ற பெயரோடு ஷீட்கள் வரிசையாக வருகின்றன. ஓக்லஹோமாவில் 'டல்லஸ் ப்ளூஸ்', செயின்ட் லூயிஸில் 'பேபி சீல்ஸ் ப்ளூஸ்', மெம்ஃபிஸில் ஹேண்டியின் 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்'. கடைசியாகச் சொன்னது, 1909-இல் மெம்ஃபிஸ் மேயர் தேர்தலில் நின்ற க்ரம்ப் என்பவருக்காக ஹேண்டியின் பேண்ட் வாசித்த பிரசாரப் பாட்டு. ஆமாம், தேர்தல் பாட்டுதான். அதை ஹேண்டி சொந்தச் செலவில் அச்சடித்தார். சரியாக விற்கவில்லை என்று சொல்லப்பட்டதை நம்பி, உரிமையை 50 டாலருக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. அன்றைய சட்டப்படி காப்புரிமை 28 ஆண்டு, அதற்குப்பின் புதுப்பிக்கலாம். 1940-இல் அந்தக் கெடு முடிந்தபோதுதான் தன் பாட்டு அவர் கைக்குத் திரும்பி வந்தது. அப்போது வயது 66.

இந்த அடி வாங்கியதால்தான் 1914-இல் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' எழுதியபோது அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஹாரி பேஸ் என்பவரோடு தொடங்கியிருந்த சொந்தக் கம்பெனியிலேயே வெளியிட்டார். நேயரிடம் இருக்கும் முதல் காகிதம் அதுதான். ஆயுள் முழுக்க ஹேண்டிக்குச் சோறு போட்டதும் அதுதான்.

சரி, ஹேண்டிக்கு எழுதத் தெரியும். தெரியாதவர்கள்?

இங்கேதான் விஷயம் கசக்க ஆரம்பிக்கிறது. 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தானாக வாசிக்கும் பியானோவில் போடும் துளையிட்ட காகிதச் சுருள், பாட்டின் 'நகல்' ஆகாது, ஏனென்றால் மனிதக் கண்ணால் அதைப் படிக்க முடியாது. மறுவருடம் வந்த புதிய சட்டம், ஒவ்வொரு தட்டுக்கும் சுருளுக்கும் 2 சென்ட் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. ஆனால் பாட்டு உன்னுடையது என்று பதிவு செய்ய நொட்டேஷனில் எழுதிய காகிதம் வேண்டும். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். 1978-இல் புதுச் சட்டம் அமலுக்கு வரும்வரை நிலைமை இதுதான்.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் பாடிய 'க்ரேசி ப்ளூஸ்' தட்டு பெரிய அளவில் விற்றதும், தட்டுக் கம்பெனிகள் ப்ளூஸ் பாடகர்களைத் தேடி ஓடின. பாடகர்களில் பலருக்கு நொட்டேஷன் தெரியாது. அப்படியானால் அவர்கள் பாட்டை யார் பதிவு செய்வது? எழுதத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, தட்டைப் போட்டுக் காட்டி, மெட்டையும் வரிகளையும் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வார்கள். இதற்கு 'லீட் ஷீட்' என்று பெயர். அது வாஷிங்டன் போய்க் காப்புரிமை அலுவலகக் கோப்பில் உட்காரும். பாடுவதற்காக எழுதியதல்ல, உரிமைப் பத்திரம். நம்ம ஊர்ல நிலத்துக்குப் பட்டா மாதிரின்னு வச்சுக்கங்க. பட்டாவைப் பார்த்து யாரும் உழ மாட்டாங்க இல்லையா?

பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். பாடாதவர்கள் பெயரெல்லாம் அதில் ஏறியது. பெஸ்ஸி ஸ்மித்துக்குக் கொலம்பியா கம்பெனி பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுத்தது, அவ்வளவுதான். விற்பனையில் பங்கு கிடையாது. அவரை நாடறியச் செய்த 1923-ஆம் வருடத்துத் தட்டு 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்'. அதை இயற்றிய ஆல்பர்ட்டா ஹன்டருக்கு நொட்டேஷன் எழுதத் தெரியாது. லவ்வி ஆஸ்டின் என்ற பியானோ கலைஞர் எழுதிக் கொடுத்தார். ஆல்பர்ட்டாவின் பெயரை விட்டுவிடாமல் இருவர் பெயரிலும் பதிவாயிற்று. அது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது என்றால், மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்க.

இப்படி லீட் ஷீட் எழுதிச் சம்பாதித்தவர்களில் ஒருவர் தாமஸ் டார்ஸி. 1899-இல் ஜார்ஜியாவில் பிறந்து, சிகாகோவுக்கு வந்து, மா ரெய்னியின் பேண்டை நடத்தியவர். பாரமவுண்ட் தட்டுக் கம்பெனியின் பதிப்புப் பிரிவுக்காகப் பிறர் பாடியதைக் காகிதத்தில் இறக்கினார். இந்த மனிதர்தான் பிற்பாடு நற்செய்திப் பாடல்கள் பக்கம் திரும்பி, காஸ்பல் இசையின் தந்தை என்று பெயர் வாங்கினார். தன் பாட்டின் 500 பிரதிகளைக் கடன் வாங்கி சர்ச்சுகளுக்கு அனுப்பியதாகவும், மூன்று வருடம் ஓர் ஆர்டர்கூட வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அவருடைய அச்சுப் பிரதிகளைப் பார்த்தால் எலும்புக்கூடு மாதிரி இருக்கும். கையைத் தூக்கிப் பாடும் சர்ச் பாடகர்கள் அதில் இல்லாததையெல்லாம் போட்டுப் பாடினார்கள். ப்ளூஸ் பாடகர்களின் பாட்டை வருடக்கணக்கில் எழுதிய கை அது. எவ்வளவு எழுதினால் போதும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இனி நேயரின் இரண்டாவது காகிதம், தட்டைக் கேட்டு எழுதியது. 1925 ஜனவரி 14, நியூயார்க். மைக் வருவதற்கு முந்தைய கடைசி மாதங்கள். பெரிய கூம்புக்குழாய்க்கு முன்னால் நின்று பெஸ்ஸி ஸ்மித் பாடுகிறார். கூட இருவர் மட்டும். கார்னெட்டில் 23 வயது லூயி ஆம்ஸ்ட்ராங், ஹார்மோனியத்தில் ஃப்ரெட் லாங்ஷா. நம்ம ஊர் பஜனை ஹார்மோனியத்துக்கு அண்ணன் அது, காலால் மிதிப்பது.

1914 அச்சைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தட்டைக் கேளுங்க. வரிகள் பெரும்பாலும் அதேதான். 12 பார், நடுவில் மைனரில் 16 பார், மறுபடி 12 பார் என்ற கட்டுமானமும் இருக்கிறது. மற்றது எதுவும் இல்லை! ஹேண்டி அந்த 16 பாருக்கு டாங்கோ நடை எழுதியிருக்கிறார். மெம்ஃபிஸில் அப்போது டாங்கோ மோகம். தட்டிலோ ஹார்மோனியத்தின் நீண்ட கார்ட்களில் அந்த நடை ஏறக்குறைய கரைந்துபோகிறது. வேகம் அவ்வளவு மெதுவு. அச்சில் மேலும் கீழும் போகும் மெட்டை பெஸ்ஸி இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் சுருக்கி, அதைச் சுற்றியே இழைக்கிறார். ஒவ்வொரு நான்கு பாரிலும் அவர் பாடுவது ஏறக்குறைய இரண்டரை. மீதி ஒன்றரையில் ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்கிறார்.

நான் ஒருமுறை மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது வகைக் காகிதத்தில்தான். நண்பர் வீட்டில் கீபோர்ட், என் கையில் பெஸ்ஸி தட்டின் நொட்டேஷன். எழுதியவர் பாவம், ஒவ்வொரு வழுக்கலுக்கும் குட்டிக் குட்டி ஸ்வரம், ஒவ்வொரு தாமதத்துக்கும் புள்ளி வைத்த முப்பத்திரண்டாம் பங்கு ஸ்வரம் என்று உழைத்திருந்தார். ஒரு வாரம் பழகி, ஒன்று விடாமல் பாடினேன். நண்பர் கேட்டுவிட்டு, "டிக்டேஷன் எழுதுற மாதிரி இருக்குப்பா" என்றார். உண்மைதான். பெஸ்ஸி அன்று ஒரு முறை தாமதித்ததை நான் விதியாக்கிப் பாடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே நேயருக்கு என் பதில். மூன்றும் சரி, மூன்றுக்கும் வேலை வேறு. 1914 அச்சு இப்போது அமெரிக்காவில் பொதுச்சொத்து, தைரியமாக எடுத்துக்கங்க. வரிகளுக்கும் கட்டுமானத்துக்கும் அதை நம்பலாம். அதிலிருக்கும் பியானோவை அப்படியே வாசிக்க விடாதீங்க. வலது கை உங்க மெட்டையே வாசிச்சா நீங்க வழுக்க முடியாது, கட்டையோட மோதும். பாடப்போற காகிதமா மூன்றாவதை வைங்க, மெட்டும் கார்ட் பெயர்களும் போதும். ஆனா ஸ்ருதியை முதல்ல மாத்துங்க. உங்க பேச்சுக்குரல் எங்கே இருக்கோ அதுக்குப் பக்கத்துல பாட்டோட நடு ஸ்வரம் வரணும். ஏன்னா ப்ளூஸ் பெரும்பாலும் பேச்சுக்குப் பக்கத்துலதான் நடக்குது. கொயர் உச்சஸ்தாயியில் ஆரம்பிச்சா கதை முடிஞ்சுது.

பெஸ்ஸி தட்டின் நொட்டேஷனைப் பாடாதீங்க. தட்டைக் கேட்டுக்கிட்டே கூடவே வாசிங்க. எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லைத் தள்ளிப் போடுறார், எங்கே சும்மா இருக்கிறார்னு பென்சிலால் குறிங்க. அப்புறம் அதை மூடி வைங்க.

அந்த ஒன்றரை பாரை மட்டும் எக்காரணம் கொண்டும் நிரப்பிடாதீங்க. அச்சில் அங்கே உங்க வரி காலியாத்தான் இருக்கும். நொட்டேஷன் நல்லாப் படிக்கிறவங்களுக்கு அந்தக் காலியைப் பார்த்தா கை துறுதுறுக்கும், அடுத்த வரியைச் சீக்கிரம் எடுத்துடுவாங்க. கூட வாசிக்கிறவர் பதில் சொல்லட்டும். கொயரில் கிட்டார் வாசிக்கிற பையன் இருக்கிறதா எழுதியிருந்தீங்க. அவன்கிட்ட ஒரு கத்தி வேண்டாம், கண்ணாடிக் குப்பி ஒண்ணு கொடுங்க. தந்தி மேல இழுக்கட்டும். பதிவு செஞ்சு அனுப்புங்க, அடுத்த எபிசோட் தொடக்கத்தில் போடலாம்.