காய்ச்சல் வந்தால் இன்சுலினை நிறுத்தலாமா? ஜவ்வாது மலைப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு கையேடு



நம் வீடுகளில் சர்க்கரை நோய் இப்போது புதிய செய்தி அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவுடன் நடந்து 2023ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் ஒரு பகுதியினர் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள். உடல் நன்றாக இருக்கும் நாட்களில் ஊசியும் உணவும் ஒரு கணக்கில் ஓடிவிடும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாட்களில்தான் கணக்கு குலைகிறது.

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் இது இன்னும் கவனம் வேண்டிய விஷயம். வாணியம்பாடி, ஆம்பூர், ஆலங்காயம், திருப்பத்தூர், போளூர் பகுதிகளிலிருந்து நம் குடும்பங்கள் விடுமுறைக்கும் வியாபாரத்துக்கும் மலையேறுகின்றன. ஜமுனாமரத்தூரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. ஆனால் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் வளைவுச் சாலைகளில் இறங்கி திருப்பத்தூருக்கோ, திருவண்ணாமலைக்கோ, வேலூருக்கோதான் போக வேண்டும். எனவே சமவெளியில் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுகிற நிலையை மலையில் மாலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

சாப்பிடாதபோது சர்க்கரை ஏன் ஏறுகிறது?

"ஒன்றுமே சாப்பிடவில்லை, பிறகு ஊசி எதற்கு?" நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. ஆபத்தின் தொடக்கமும் இதுதான்.

உடலில் கிருமித் தொற்று ஏற்பட்டால் அதை எதிர்க்க அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. இவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகின்றன. இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. அதனால் பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் ஊசியையும் நிறுத்தினால், சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து கீட்டோன் என்ற அமிலப் பொருட்கள் உண்டாகி இரத்தத்தில் சேர்கின்றன. இதையே மருத்துவர்கள் கீட்டோஅசிடோசிஸ் என்கிறார்கள். முதல் வகை நோயாளிகளுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இது சில மணி நேரங்களிலேயே முற்றிவிடலாம். இரண்டாம் வகை உள்ள முதியவர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு: நாட்கணக்கில் நீர் வற்றி, சர்க்கரை 600ஐயும் தாண்டி, நினைவு தவறுவது.

முதல் விதி: இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது

நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை நோயுற்ற நாளிலும் போட வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலினின் அளவு, எவ்வளவு சாப்பிட முடிகிறது, சர்க்கரை எவ்வளவு காட்டுகிறது என்பதைப் பொறுத்து மாறும்.

நம்மில் பலர் காலையும் இரவும் போடும் கலப்பு இன்சுலினில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சாப்பிடவே முடியாத நாளில் அதை முழு அளவு போட்டால் சர்க்கரை தாழலாம். அறவே விட்டால் ஏறலாம். ஆகவே கலப்பு இன்சுலின் போடுபவர்கள் அன்றே மருத்துவரிடம் போனில் அளவைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

இதைவிடச் சிறந்தது, உடல் நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் "காய்ச்சல் நாளில் என்ன செய்ய வேண்டும், சர்க்கரை இவ்வளவு இருந்தால் எத்தனை யூனிட் கூட்ட வேண்டும்" என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்வது. மலையில் எல்லா இடத்திலும் போன் சிக்னல் கிடைக்காது. அந்தக் காகிதமே அங்கு துணை.

எத்தனை முறை பரிசோதிப்பது?

மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் எழுந்து, குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். நேரம், அளவு, போட்ட யூனிட், குடித்த நீர், வாந்தி எத்தனை முறை என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

சர்க்கரை 250க்கு மேல் இருந்தால் கீட்டோன் பார்க்க வேண்டும். சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைகள் பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும். மலையேறும் முன் வாங்கிவிடுவது நல்லது. இரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் கருவி இருந்தால் 0.6க்குக் கீழே இயல்பு; 1.5ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். 3ஐத் தாண்டினால் அது அவசர நிலை.

என்ன குடிப்பது, என்ன உண்பது?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் அளவாவது நீர் உள்ளே போக வேண்டும். வாந்தி இருந்தால் ஒரேயடியாகக் குடிக்காமல் சில நிமிடங்களுக்கு ஒரு மடக்கு கொடுங்கள். இதயம், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.

சர்க்கரை அதிகமாக இருக்கும்போது தண்ணீர், ரசம், உப்புப் போட்ட நீர்மோர் போதும். சர்க்கரை 180க்குக் கீழே வந்து, சாப்பாடும் இறங்காதபோது அரிசிக் கஞ்சி, மலையில் விளையும் சாமைக் கஞ்சி, ரொட்டி என்று கொஞ்சம் மாவுச்சத்து சேர வேண்டும். அப்போதுதான் இன்சுலினைப் பாதுகாப்பாகத் தொடர முடியும்.

"சர்க்கரை நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். கூடாது" என்பது தவறான எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான பொடியில், ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உள்ளது. வயிற்றுப்போக்கின்போது அது உயிர் காக்கும். பழச்சாறு போல டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் வேறு. அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேனும் கருஞ்சீரகமும்

ஜவ்வாது மலைத் தேனுக்கு நல்ல பெயர் உண்டு. தேனையும் கருஞ்சீரகத்தையும் நாம் மார்க்க ரீதியாகவும் மதிக்கிறோம். ஆனால் இவை இன்சுலினுக்கு மாற்று அல்ல. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை 300ல் நிற்கும் நேரத்தில் இருமலுக்கென்று தேன் கொடுத்தால் அது இன்னும் ஏறும்.

அதே தேன், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, உடல் நடுங்கி, வியர்க்கும்போது நல்ல மருந்து. ஒரு மேசைக்கரண்டி கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். ஊசியைத் தொடர்வதும் அந்த வழிகாட்டலில் சேர்ந்ததே.

மற்ற மருந்துகளில் கவனம்

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை வாந்தி, பட்டினி நாட்களில் நிறுத்தி வைக்குமாறு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். இவற்றை எடுப்பவர்களுக்கு மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாமலே கீட்டோன் ஏறிவிடலாம். உடலில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினையும் தொடரலாமா என்று கேட்க வேண்டும். மூச்சுத்திணறலுக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்துகள் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மருந்துச் சீட்டு எழுதும் எந்த மருத்துவரிடமும் "இன்சுலின் போடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பாட்டிலும் சிரிஞ்சும் பொருந்துகிறதா?

நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் இன்சுலின் பெரும்பாலும் 100 யூனிட். 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலில் போவது 50 யூனிட். வெளியூரில் ஊசி தீர்ந்து, அவசரத்தில் வேறு கடையில் வாங்கும்போது இந்தத் தவறு நேர்ந்துவிடும். பயணத்தில் தேவைக்கு இரு மடங்கு இன்சுலினும் சிரிஞ்சும் எடுத்துச் செல்லுங்கள்.

திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியின் கதவுப் பக்கத்தில் இருக்கட்டும். உறைந்து போனதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ளது பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை கெடாது. காரின் முன்கண்ணாடி அருகே வைத்தால் வெயிலில் வீரியம் போய்விடும். காய்ச்சலில் சர்க்கரை இறங்காமல் நின்றால், மருந்து கெட்டுவிட்டதா என்றும் சந்தேகப்பட வேண்டும்.

நோன்பு நாட்களில்

நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு நோற்கும் சலுகையைக் குர்ஆனின் 2:184, 185 வசனங்கள் தருகின்றன. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் ரமளான் நீரிழிவு அமைப்பும் சேர்ந்து 2021ல் புதுப்பித்த வழிகாட்டியின்படி, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ, 300ஐத் தாண்டினாலோ, உடல் நலம் குன்றினாலோ நோன்பை முடித்துவிட வேண்டும். இஃப்தாருக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று இழுத்தடிக்கக் கூடாது. விரல் நுனியில் இரத்தம் எடுப்பதாலோ, ஊட்டம் தராத ஊசி போடுவதாலோ நோன்பு முறியாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997ல் ஜித்தாவில் முடிவு செய்தது. எனவே நோன்பைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

எப்போது மலையிறங்க வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

- தொடர்ந்து வாந்தி, அல்லது நான்கு மணி நேரமாக நீர்கூட தங்கவில்லை
- இன்சுலின் போட்ட பிறகும் அடுத்தடுத்து இரு முறை 300க்கு மேல் சர்க்கரை
- கீட்டோன் பட்டையில் நடுத்தரம் அல்லது அதற்கு மேல்
- வயிற்றுவலி, ஆழமான வேகமான மூச்சு, மூச்சில் பழம் புளித்த வாடை
- மயக்கம், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் தூங்கிவிழுதல்
- திரும்பத் திரும்ப 70க்குக் கீழே இறங்கும் சர்க்கரை

108க்கு அழையுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் கிடைக்கும் வாகனத்தில் ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்துக்கோ, அடிவாரத்தில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ சென்று ட்ரிப் ஏற்றத் தொடங்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவதை மருத்துவர் முடிவு செய்வார். வீட்டில் இருப்பவர் கர்ப்பிணி, குழந்தை, அல்லது தனியாக வாழும் முதியவர் என்றால் இதைவிட முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

நோயாளி தானே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் நிலையில் அன்று இருக்க மாட்டார். அத்தாவுக்கு ஊசி என்றால் மகனோ மகளோ, பிள்ளைக்கு ஊசி என்றால் வீட்டிலுள்ள இன்னொரு பெரியவரும், மீட்டரில் பார்ப்பதையும் சிரிஞ்சில் அளப்பதையும் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.