கூரையும் காகிதமும்: அமெரிக்க கன்வெர்டிபிள் மசில் காரின் வரலாற்றுத் தடம்

2014 ஜூனில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த மீகம் ஏலத்தில், கிரைஸ்லர் நிறுவனத்தின் 1971-ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி குடா (பாரகுடா காரின் உயர்வேக வகை) ஒன்று 35 லட்சம் டாலருக்கு விலைபோனது. துணிக் கூரையை மடக்கித் திறக்கும் கன்வெர்டிபிள் அது. 1971-ல் ஹெமி என்ற பெரிய எஞ்சினோடு தயாரானவை 11 கன்வெர்டிபிள்கள்தான். அன்று வெகு சிலரே வாங்கிய வண்டிக்கு 43 ஆண்டுகளில் இவ்வளவு மதிப்பு வந்தது எப்படி? அளவான உடலில் பெரிய எஞ்சின் பொருத்திய இத்தகைய ‘மசில்’ காரை வைத்திருப்பவர் இன்று எவற்றையெல்லாம் கவனித்து ஓட்டுகிறார்? இரண்டுக்கும் விடை தேடினால், 1960-களில் கார் நிறுவனங்கள் விற்பனைத் தாளிலும் கூரையிலும் செய்த மாற்றங்களுக்கே போக வேண்டியிருக்கிறது.

வரம்பைத் தாண்டிய ஆப்ஷன்

1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளைப் பந்தயங்களிலிருந்து விலகச் சொன்னது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற வரம்பும் அங்கே இருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய சகாக்களும், பெரிய கார்களுக்கான 389 கன அங்குல (சுமார் 6.4 லிட்டர்) வி8 எஞ்சினை டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்குள் பொருத்தினர். வரம்பு மாடல்களுக்குத்தான், கூடுதல் பணம் கட்டி வாங்கும் ஆப்ஷனுக்கு இல்லை என்பது அவர்கள் கண்ட வழி. சுமார் 296 டாலர் ஆப்ஷனாக 1964-ல் ஜி.டி.ஓ. வந்தது. திறன் 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் போட்டால் 348. முதலில் 5,000 கார்களுக்கே அனுமதி கிடைத்தது. விற்றதோ 32,450. அவற்றில் 6,644 கன்வெர்டிபிள்கள்.

இந்த வழி பின்னாளில் ஒரு சிக்கலை விட்டுச் சென்றது. ஜி.டி.ஓ. தனி மாடலாக இல்லாததால் 1964, 1965 கார்களின் அடையாள எண்ணில் அதற்கான குறியீடே கிடையாது. 1966-ல் அது தனி மாடலான பிறகுதான் எண் 242 என்று தொடங்கியது. அதற்கு முந்தைய காரை வாங்குபவர், ஆலையின் விலைப்பட்டியல் நகலைப் பார்க்காமல் அது அசலா, சாதாரண லெமான்ஸில் பிற்பாடு செய்த மாற்றமா என்று உறுதி செய்ய முடியாது.

கூரை போன இடத்தில் இரும்பு

காரின் கூரை வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் அல்ல. முன்கண்ணாடிச் சட்டத்தையும் பின்பக்கத்தையும் இணைத்து, உடல் முறுக்கிக்கொள்ளாமல் காப்பதும் அதுதான். ஜி.டி.ஓ.வுக்குத் தனி சேஸ் இருந்ததால் அதை வலுப்படுத்தினாலே போதும். உடலே சேஸாக இருந்த ஃபோர்டு மஸ்டாங், பிளிமத் பாரகுடா கார்களில் கதவுக்குக் கீழும் தரையிலும் கூடுதல் தகடுகளைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. எடை ஏறியது.

ஷெவர்லே கமாரோ கன்வெர்டிபிளில் இன்னொரு உபாயம் கையாளப்பட்டது. 1967 முதல் 1969 வரை வந்த கார்களின் நான்கு மூலைகளிலும் உருளை வடிவ டப்பாக்கள் உண்டு. உள்ளே எண்ணெய், ஸ்பிரிங், அதன்மேல் ஒரு கனத்த எடை. சாலை அதிர்வில் உடல் ஒரு பக்கம் நடுங்கும்போது இந்த எடை எதிர்ப்பக்கம் ஆடி நடுக்கத்தை அடக்கும். காக்டெய்ல் ஷேக்கர் என்பது உரிமையாளர்களிடையே அதற்கு வழங்கும் பெயர்.

எடை கூடினால் வேகம் குறையும், விலையும் அதிகம். நேர்க்கோட்டுப் பந்தயத்துக்குக் கார் தேடியவர்கள் கூரை உள்ளதையே வாங்கினர். பெரிய எஞ்சினும் மடக்குக் கூரையும் ஒரே காரில் சேர்வது இதனாலேயே அரிதாயிற்று.

சரிவின் ஆண்டுகள்

அமெரிக்காவில் கன்வெர்டிபிள் விற்பனை 1965-ல் சுமார் 5 லட்சத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுக்காண்டு இறங்கியது. ஏ.சி. வசதி பரவியது, கார் உருண்டால் கூரை தாங்க வேண்டும் என்ற விதி வரப்போகிறது என்ற அச்சம் தயாரிப்பாளர்களைப் பிடித்தது. இளைஞர்களின் அதிவேகக் கார்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. 1970-ன் தூய காற்றுச் சட்டத்தையொட்டி, ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. கமாரோ கன்வெர்டிபிள் 1969-லும், பாரகுடாவும் டாட்ஜ் சேலஞ்சரும் 1971-லும், மஸ்டாங் 1973-லும் நின்றன. ஜி.டி.ஓ.வின் உச்ச வகையான ஜட்ஜில் 1971-ல் உருவான கன்வெர்டிபிள்கள் வெறும் 17.

இன்றைய உரிமையாளர்

பழைய கன்வெர்டிபிளைப் பார்க்க வருபவர் பெயின்ட் பளபளப்பில் மயங்கக் கூடாது. முதலில் கதவு இடுக்கைப் பார்க்க வேண்டும். மேல் இடுக்கு குறுகி, கதவு திறந்து மூட அடம்பிடித்தால், கீழ்த்தகடு துருவேறி உடல் நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தகட்டை வெட்டி மாற்றும் மெக்கானிக், கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைத்த பிறகே வேலையைத் தொடங்குவார். இல்லையென்றால் உடல் அப்படியே வளைந்துவிடும்.

ஓட்டுவதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். தொடக்க கால ஜி.டி.ஓ.வில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான்; முன் டிஸ்க் பிரேக் 1967-ல்தான் ஆப்ஷனாக வந்தது. சூடேறிய டிரம் பிடிப்பை இழக்கும் என்பதால், முன்னால் போகும் வண்டியோடு தாராளமாக இடைவெளி விட வேண்டும். கூரையை மடக்குமுன் வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடி மேலுள்ள இரு கொக்கிகளையும் கழற்ற வேண்டும். பின் ஜன்னல் பிளாஸ்டிக்காக இருந்தால் கீறல் விழாதபடி மடிப்பில் ஒரு துண்டை வைப்பார்கள். நனைந்த துணியை ஒருநாளும் மடக்குவதில்லை; பூஞ்சை பிடித்துவிடும்.

காகிதத் தேடலும் தொடர்கிறது. கிரைஸ்லர் கார்களில் ஆலையின் தயாரிப்புத் தாள் பல நேரம் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கிடையே கசங்கிக் கிடக்கும். குடா கன்வெர்டிபிளின் அடையாள எண்ணில் 27 என்பது மடக்குக் கூரையையும், அடுத்து வரும் ஆர் என்ற எழுத்து ஹெமி எஞ்சினையும் குறிக்கும். இவை ஒன்றோடொன்று பொருந்திய பிறகே உரிய விலை கிடைக்கிறது. 1971-ல் எடையும் செலவும் பார்த்து வாங்குபவர்கள் ஒதுக்கிய அதே சேர்க்கையைத்தான் இன்று ஏலக் கூடத்தில் அந்த எண் மெய்ப்பிக்கிறது.