தனித்துச் சென்ற விமானம்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் மலாயாவின் வடபால் நிகழ்ந்த ஒரு செயல், நான்கரை ஆண்டுகள் கழிந்த பின்னரே உலகறிய வெளியாயிற்று. கெடாவிலும் செபராங் பிறையிலும் வாழும் நம்மவர் பலர் அது நிகழ்ந்த இடங்களின் வழியே நாடோறும் வேலைக்குச் சென்று வருகின்றனர். ஆயினும் ஆர்தர் ஸ்கார்ப் என்னும் பெயர் நம்மிடையே வழங்கக் காணோம்.

டிசம்பர் 8-ஆம் நாள் பொழுது புலருமுன் ஜப்பானியர் கோத்தா பாருவிலும், தென் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணிக் கரைகளிலும் படையிறங்கினர். சிங்கோரா விமான நிலையம் அவர் வசமாகவே, கெடா முழுவதும் அவருடைய குண்டுகளுக்கு எட்டும் தூரமாயிற்று. அலோர் ஸ்டார் விமானத் தளம் தாக்குண்டது. அங்கிருந்த பிரிட்டிஷ் ஆகாயப்படையின் 62-ஆம் பிரிவு பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கிற்று. அப்பிரிவினர் செலுத்தியவை ‘பிளென்ஹிம்’ என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள். மூவர் ஏறிச் செல்வன. 1930-களின் நடுவில் வேகத்துக்குப் பெயர் பெற்ற அவ்வகை, 1941-இல் பழசாகிவிட்டது. புதியன ஐரோப்பாவுக்கும் மத்தியதரைக் கடற்பகுதிக்கும் போயின. பழையன மலாயாவுக்கு வந்தன. இந்நாட்டிலிருந்து சென்ற ரப்பரும் ஈயமும் மட்டும் முதல் தரமானவையாக இருக்கவேண்டியிருந்தது!

9-ஆம் நாள் சிங்கோராவைப் பகற்பொழுதிலேயே தாக்கும்படி பட்டர்வொர்த்திலிருந்த விமானங்களுக்கு ஆணை பிறந்தது. தலைமை பூண்டவர் 28 வயதினரான ஸ்குவாட்ரன் லீடர் ஸ்கார்ப். அவருடைய விமானம் முதலில் மேலெழுந்தது. பின்தொடர வேண்டியவை தரையில் ஆயத்தமாகிக் கொண்டிருந்த அந்த நேரத்தில், ஜப்பானிய விமானங்கள் பட்டர்வொர்த்தின் மீது பாய்ந்தன. சில நிமிடங்களில் கீழிருந்தவை எல்லாம் எரிந்தும் உடைந்தும் போயின. ஸ்கார்ப் வானில் வட்டமிட்டபடி இதனைக் கண்டார். அவர் அப்பொழுதே திரும்பியிருந்தால் ஒருவரும் குறை கூறியிரார். கூட்டமாகச் செல்லவே ஆணை, கூட்டமோ அழிந்துவிட்டது. அவரோ வடக்கு நோக்கித் திருப்பினார். உடன் இருந்த இருவரையும் கொண்டு தாமே அப்பணியை முடிப்பதெனத் துணிந்தார்.

சிங்கோராவில் எதிரியின் சண்டை விமானங்கள் பல அவரைச் சூழ்ந்தன. அவற்றினிடையே இலக்கை அடைந்து குண்டுகளை வீசினார். திரும்புகையில் இடது கை சிதைந்தது; முதுகிலும் பெருங்காயம். எல்லைவரை எதிரிகள் விடாது துரத்தினர். நினைவு வருவதும் போவதுமாயிருந்த அவரை உடனிருந்தவர் சாயவொட்டாமல் தாங்கிப் பிடிக்க, சேதமுற்ற விமானத்தை அலோர் ஸ்டார்வரை கொண்டுவந்து மோதி இறக்கினார். அவ்விறக்கத்தில் துணைவர் இருவருக்கும் ஒரு காயமுமில்லை. இந்த ஒன்றையே நாம் பெரிதாக எண்ணுகிறோம். குண்டு வீசும் துணிவு போர்க்களத்தில் பலரிடம் உண்டு. தன் உயிர் கசிந்துகொண்டிருக்கையில் பிறர் உயிரைத் தரை சேர்க்கும் பொறுமை அத்தனை எளிதன்று.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் தாதியாயிருந்தவர் அவருடைய மனைவி. கணவருக்குத் தம் இரத்தத்தையே கொடுத்தார் அவ்வம்மையார். ஸ்கார்ப் பிழைக்கவில்லை.

ஒரு விமானம் வீசிய குண்டுகளால் போரின் போக்கு மாறிற்றா? இல்லை என்றே சொல்லவேண்டும். சில நாட்களில் ஜித்ராவின் அரண் உடைந்தது. பினாங்கில் ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு, குடிமக்களை விதிவழியே விட்டுப் போனார்கள். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அவ்வோட்டத்தில் ஆகாயப்படையின் காகிதங்கள் அழிந்தன, செய்தியறிந்தோர் சிதறினர். ஆகவே ஸ்கார்ப் செய்ததை மேலிடத்துக்கு எடுத்துரைக்க ஏடுமில்லை, ஆளுமில்லை என்ற நிலை உண்டாயிற்று. போர் முடிந்தபின் பிழைத்தவர்களின் வாய்மொழியிலிருந்தே உண்மை திரட்டப்பெற்றது. 1946-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘விக்டோரியா கிராஸ்’ விருது அறிவிக்கப்பெற்றது. ஆறாம் ஜார்ஜ் மன்னரிடமிருந்து அதனை அம்மனைவியார் பெற்றுக்கொண்டார்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமலிருக்க இயலவில்லை. ஸ்கார்ப்புக்குச் சாட்சிகள் கிடைத்தனர். சாட்சி சொன்னால் கேட்கும் சர்க்காரும் இருந்தது. அவர் துயிலும் தைப்பிங் யுத்த மயானத்திலோ 500-க்கு மேற்பட்ட புதைகுழிகளில் இருப்பவர் இன்னாரென்று அறியப்படவில்லை. சாலையின் ஒருபுறம் கிறிஸ்தவரும் மறுபுறம் இந்தியப் படையினர் முதலியோரும் கிடக்கின்றனர். பெயரின்மை இருபுறத்துக்கும் பொது. அதே போரில் சியாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த நம் தோட்டத்துத் தொழிலாளருள் மிகப் பலருக்குப் பெயரில்லாத கல்லுங்கூட இல்லை. காட்டோரத்தில் மண்ணிட்டுப் போனார்கள். எந்தத் தோட்டத்திலிருந்து எவரெவர் சென்றனர் என்பதை இன்றுங்கூடப் பழங்குடும்பத்தார் சிலரிடம் கேட்டு எழுதலாம். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ஸ்கார்ப்பின் பதக்கம் 2022-ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தது. அது அயல்நாடு சென்றுவிடாதபடி ஏற்றுமதியைத் தடுத்து வைத்தனர். பிரிட்டிஷ் ஆகாயப்படையின் அருங்காட்சியகம் பொதுமக்களிடமும் அறநிதிகளிடமும் பணம் திரட்டி, 2023-இல் அதனைத் தனக்கென வாங்கிக்கொண்டது. விலை ஏறத்தாழ 660,000 பவுன்.