ஆறு வாரத்தில் சிவப்பழகு

"பொண்ணு செவப்பா, மாநிறமா?" என்ற கேள்வி எந்தக் கிரீமையும்விடப் பழையது. விளம்பரக்காரர்கள் அதை உண்டாக்கவில்லை. அதற்கான விடையை விற்றார்கள். அந்த விடை காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்பதே என் அக்கறை. பெண்களின் விருப்பம் எங்கே நகர்ந்ததோ, விளம்பரமும் அங்கேயே பின்தொடர்ந்து சென்றிருக்கிறது.

1975-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடக்ககால விளம்பரங்களில் பரிசு திருமணம்தான். நிறம் வெளுத்தால் மாப்பிள்ளை கிடைப்பான். 1990-களுக்குப் பின் பெண்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் பெருமளவில் போகத் தொடங்கியதும் பரிசு மாறியது. மகன் இல்லையே என்று ஏங்கும் தந்தை, கிரீம் பூசி விமானப் பணிப்பெண்ணாகும் மகள், அவள் சம்பளத்தில் நிமிரும் குடும்பம்: இப்படி ஒரு கதை தொலைக்காட்சியில் ஓடியது. இன்னொன்றில் பெண் கிரிக்கெட் வர்ணனையாளராகிறாள்.

இந்தக் கதைகளின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. சொந்தச் சம்பளம், பெற்றோரிடம் மதிப்பு, மகனுக்கு நிகரான இடம் ஆகியவை பெண்கள் இயக்கம் கேட்டவை. விளம்பரம் அந்தக் கோரிக்கைகளை மறுக்கவில்லை, தன்னுடையதாக்கிக்கொண்டது. ஆனால் வேலை தராதவரிடமும் மகளைக் குறைவாக எண்ணும் தந்தையிடமும் அது எதையும் கேட்கவில்லை. குற்றம் முழுவதையும் இருபது வயதுப் பெண்ணின் தோல்மீது இறக்கிவைத்தது.

அதற்குக் கருவிகளும் இருந்தன. கருமையிலிருந்து வெண்மைக்குப் படிப்படியாக நகரும் முகங்களின் வரிசை, பார்ப்பவளைத் தன் முகத்தை அதில் பொருத்தி அளக்கவைத்தது. "ஆறு வாரம்" என்ற கெடு, நேர்முகத் தேர்வுக்கும் பெண் பார்க்கும் நாளுக்கும் தோதாக அமைந்தது. சில ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் தொங்கிய சாஷே, சம்பளமில்லாத பெண்ணின் கைக்காசுக்கும் எட்டியது. 1998-இல் சென்னையின் கெவின்கேர் குங்குமப்பூவை முன்னிறுத்தி ஃபேர்எவரைக் கொண்டுவந்தது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற வீட்டு நம்பிக்கை நம்மிடம் ஏற்கெனவே இருந்ததால், அதைப் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்பும் இந்த வரலாற்றின் பகுதிதான். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தேசிய மனித உரிமை ஆணையம்வரை புகாரைக் கொண்டுசென்றது. 2003-இல் ஒன்றிய அரசு இரண்டு விளம்பரங்களை நிறுத்தியது. அதே ஆண்டில் நிறுவனம் பெண்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளையைத் தொடங்கியது. 2009-இல் சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கறுப்பும் அழகே என்னும் பரப்புரையை எடுத்தது. 2014-இல் விளம்பரத் தர மன்றம், கருநிறத்தவரைத் தோற்றவர்களாகவோ துயருற்றவர்களாகவோ காட்டக் கூடாதென நெறிமுறை வகுத்தது.

2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபின் எழுந்த நிறவெறி எதிர்ப்பின் நடுவே, அந்தக் கிரீமின் பெயர் குளோ அண்ட் லவ்லி ஆனது. வெண்மை போய்ப் பொலிவு வந்தது. சொல் மாறியதை நான் அற்பமாக எண்ணவில்லை. பெண்கள் பல்லாண்டு கேட்டுப் பெற்ற மாற்றம் அது. ஆனால் பொலிவு, பளபளப்பு, கரும்புள்ளி நீக்கம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், புதிய விளம்பரம் ஒவ்வொன்றிடமும் நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்தப் பெண்ணுக்கு மறுக்கப்பட்டது எது, மறுத்தவர் யார், அவர் ஏன் இந்தப் படத்தில் இல்லை?