ஹான்ஸ் ஷோல் கேட்ட இரண்டு வேதபகுதிகள்

1943 பிப்ரவரி 22, பிற்பகல். மியூனிக் ஸ்டாடெல்ஹைம் சிறையில், அன்றுதான் மரண தண்டனை பெற்ற ஓர் இளைஞரின் அறைக்குள் சிறைப் போதகர் கார்ல் ஆல்ட் நுழைந்தார். மிஞ்சியிருந்ததோ கொஞ்ச நேரம். எதை வாசித்து அவரைத் திடப்படுத்துவது என்று போதகர் கலங்கியிருந்தார். இளைஞரோ உறுதியாகக் கைகொடுத்து, இரண்டு வேதபகுதிகளை வாசிக்கும்படி தாமே கேட்டுக்கொண்டார்: 1 கொரிந்தியர் 13, சங்கீதம் 90.

அவர்தான் ஹான்ஸ் ஷோல்; வயது 24. அவருடைய தங்கை சோஃபிக்கு 21. பள்ளிப் பாடத்தில் 'வெள்ளை ரோஜா' குழுவைப் பற்றிப் படித்திருக்கும் நமக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து ஆறு துண்டுப்பிரசுரங்களை வெளியிட்டவர்கள். பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழகத்தில் ஆறாவது பிரசுரத்தை வைத்தபோது பிடிபட்டார்கள். நான்கே நாட்களில் விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் முடிந்துவிட்டன. நண்பர் கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்டும் அவர்களோடு அன்று மாலை கொல்லப்பட்டார்.

ஹான்ஸ் கேட்ட பகுதிகளைச் சற்று யோசித்துப் பாருங்கள். அன்பைப் பற்றிய அதிகாரத்தை நாம் திருமணங்களில் கேட்கிறோம். மோசேயின் ஜெபமாகிய சங்கீதத்தை அடக்க ஆராதனையில் கேட்கிறோம். அவரோ இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். சாவின் வாசலில் நின்றபோது, வாழ்வின் அளவையும் அன்பின் அளவையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள விரும்பினார்.

அந்தப் பக்கங்கள் ஒரே நாளில் மனதில் பதிந்தவை அல்ல. தாய் மக்தலேனா திருமணத்துக்கு முன் திருச்சபையில் தியாக்கொனிஸாக ஊழியம் செய்தவர். ஆனாலும் பிள்ளைகள் முதலில் ஹிட்லர் இளைஞர் அமைப்பில் உற்சாகமாகச் சேர்ந்து, அதில் தலைமைப் பொறுப்பும் வகித்தார்கள். மரணத்தைப் பற்றி அந்த ஆட்சியும் பாடம் நடத்தியது: தலைவருக்காகச் சாவதே மேன்மை என்றது. அந்தப் பாடத்திலிருந்து அவர்களை விடுவித்தவற்றில் நூல்களுக்கும் பங்கு உண்டு. மியூனிக்கில் கார்ல் மூத் என்ற கத்தோலிக்க இதழாசிரியரின் நூலகத்தை ஹான்ஸ் ஒழுங்குபடுத்தினார். சோஃபி கட்டாய உழைப்புச் சேவையில் இருந்தபோது அகஸ்டின் எழுதியவற்றை வாசித்தார். 1942-இல் கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்ட ஃபிரிட்ஸ் ஹார்ட்நாகலுக்கு அவர் கொடுத்தனுப்பியது ஜான் ஹென்றி நியூமனின் பிரசங்க நூல்கள். சாவின் நடுவே போகிற அன்பருக்கு, மனச்சாட்சியைத் தட்டி எழுப்பும் புத்தகமே துணை என்று நினைத்திருக்க வேண்டும்.

இந்த வழக்கம் ஜெர்மனியில் பழமையானது. 15-ஆம் நூற்றாண்டில் 'நல்ல மரணக் கலை' என்ற சிறு நூல் ஐரோப்பா எங்கும் பரவியது. அதில் 11 மரச்செதுக்குப் படங்கள். படுக்கையில் கிடப்பவனை அவிசுவாசம், நம்பிக்கையிழப்பு, பொறுமையின்மை, வீண்பெருமை, பொருளாசை ஆகிய ஐந்தும் சோதிக்கின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் எதிராகத் தேவதூதர்கள் தேற்றுகிறார்கள். 1519-இல் மார்ட்டின் லூத்தர் மரண ஆயத்தம் பற்றி ஒரு பிரசங்கத்தை வெளியிட்டார். வாழும்போது மரணத்தை நினை. மரிக்கும்போதோ கிறிஸ்துவையே நோக்கு என்பது அதன் சாரம்.

சங்கீதம் 90-இன் 12-ஆம் வசனத்தைத் தமிழிலும் லூத்தரின் ஜெர்மன் மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தமிழ் வேதாகமம் எபிரெயத்தைப் போலவே நாட்களை எண்ணுவதைப் பற்றிப் பேசுகிறது. லூத்தரோ மரணம் நிச்சயம் என்பதை வெளிப்படையாகவே எழுதிவிட்டார். நம் வீடுகளில் சாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், "அபசகுனமாப் பேசாதே" என்று வாயை அடைத்துவிடுகிறோம். ஆனால் நம் கையிலுள்ள வேதமே அதைப் பேசுகிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாட ஆதாரமாக இருந்த பனியனின் கதையிலும், பரம நகரத்துக்கு முன்னால் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. பயந்து மூழ்கும் யாத்திரிகனைத் தாங்கிப் பிடிக்க ஒரு தோழன் உடன் இருக்கிறான்.

அந்த மாலை மக்தலேனா சிறையில் மகளைப் பார்த்தார். இயேசுவை மறந்துவிடாதே என்று மகளுக்கு நினைவூட்டினார். அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று சோஃபி பதில் சொன்னார். சிறுவயதில் தாய் ஊட்டியதை மகள் தாய்க்கே திருப்பித் தந்த நேரம் அது.

ஷோல் உடன்பிறப்புகளின் கல்லறை, சிறைக்கு அடுத்த பெர்லாஹர் ஃபோர்ஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. வாலிபர்களே, இந்த பிப்ரவரியில் ஒரு நாள் அங்கே போய் வருவோம். அதற்கு முந்தின இரவு, குடும்ப ஜெபத்தில் அந்த இரண்டு பகுதிகளையும் வாசிப்போம். பிள்ளைகள் ஜெர்மனில், பெற்றோர் தமிழில். வாசித்த பிறகு யாராவது சாவைப் பற்றிக் கேட்டால், இந்த முறை பேச்சை மாற்றாமல் பதில் சொல்வோம்.