கெட்டித் தரையில் விதை முளைத்த கதை



ஸ்ரீரங்கத்துப் படுகையிலே காலை வைத்தால் புதையும். காவிரியும் கொள்ளிடமும் கொண்டு வந்து போட்ட வண்டல் அது. அங்கே அருகம்புல்லை யாரும் வளர்ப்பதில்லை. பிடுங்கத்தான் ஆள் தேடுகிறோம். ஆற்றைத் தாண்டி, திருச்சியிலிருந்து திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். மழை பெய்தால் தண்ணி இறங்காது. காய்ந்தால் பொருக்குக் கட்டும். விதை உள்ளேயே முளைவிட்டு, தலைதூக்க முடியாமல் செத்துப் போகும்.

இதுதான் களர். கல்லாதவருக்கு வள்ளுவர் சொன்ன உவமையே களர்தான் என்றால், எவ்வளவு பழைய தொல்லை பாருங்கள்! ஆழமாக உழுதால் சரியாகிவிடும் என்று நினைப்போம். உழலாம், அடுத்த மழையிலேயே பழையபடி இறுகும். காரணம் சோடியம் என்ற உப்பு. அது களிமண் துகள்களைப் பிரித்துக் கரைத்து, மண்ணின் கண்களை அடைத்து விடுகிறது.

1969-ல் அரியானாவில் கர்னால் என்ற ஊரில் உவர் நில ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் அமைந்தது. ஜிப்சம் போட்டு, நெல் நட்டு, அந்தப் பக்கத்துக் களரை விளைய வைத்தார்கள். நம் ஊரிலோ, 1989-ல் வேளாண் பல்கலைக்கழகம் கல்லூரியையே இந்தக் களர் மண்ணில் தொடங்கியது. நல்ல மண்ணில் உட்கார்ந்து கெட்ட மண்ணுக்கு யோசனை சொல்வதைவிட இது மேல், இல்லையா? 1995-ல் அங்கிருந்து களரைத் தாங்கும் 'திருச்சி 1' நெல் வந்தது.

ஆனால் ரகம் மட்டும் போதாது. முதலில் மண் பரிசோதனை. அது சொல்லும் அளவுக்கு ஜிப்சம் தூவி, தண்ணி கட்டுங்கள். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளுண்ட சோடியம் வடிகால் வழியே வெளியேற வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்: வடிகால் வெட்டாமல் மூட்டை மூட்டையாகப் போட்டு, "ஜிப்சம் பலிக்கலே" என்பார்கள். வடித்த பிறகு தக்கைப்பூண்டு விதையுங்கள். களரிலும் வளரும், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள்.

வீட்டு வாசலில் புல்தரை போட ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே முறைதான். புல் விதை தூசி மாதிரி. பொருக்கை அதனால் உடைக்க முடியாது. ஜிப்சமும் மக்கிய தொழுவுரமும் கலந்து கொத்தி, உப்பை வடித்த பிறகு விதையுங்கள். மேலே லேசாக வைக்கோல் பரப்பி, பூவாளியால் தெளியுங்கள். குடத்தோடு கவிழ்த்தால் மறுபடியும் பொருக்குத்தான்!