கற்றளி

தமிழகத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்ட கோயில் கற்றளி எனப்படும். அதற்கு முந்தைய கோயில்கள் செங்கல், மரம், சுதை ஆகியவற்றால் ஆனவை. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் 2005இல் அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கட்டுமானத்தின் அடியில் அத்தகைய செங்கல் கோயிலொன்று வெளிப்பட்டது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குடைவரையில் பொறித்து வைத்தான். அழியாத கோயில் வேண்டும் என்ற விருப்பத்தின் முதற்சான்றாக அதைக் கொள்ளலாம்.

காவிரிக் கரையில் இம்மாற்றம் விரைந்தது 10ஆம் நூற்றாண்டில். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி, கோனேரிராசபுரம், ஆடுதுறை, விருத்தாசலம் உள்ளிட்ட பல ஊர்களில் கற்றளிகள் எடுப்பித்தார். அவர் செய்தவற்றுள் மிகவும் போற்றத்தக்கது திருக்கோடிகாவில் நடந்தது. பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் புதிய விமானத்தின் சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். இது பழங்கல்லின் படி என்ற குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. படியெடுத்து முடிந்ததால் பழைய கற்கள் பயனற்றவை என்று கழிக்கப்பட்டன.

கல்லைக் கழித்தவர்கள் எழுத்தைக் காத்ததற்கு வலுவான காரணம் உண்டு. கோயிற்சுவர்தான் அன்றைய பத்திரம். அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றின் நெய்க்காகப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பொறுப்பு. ஆகவே அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. சந்திரன், சூரியன் உள்ளவரை நெய் அளப்பதாக ஒப்புக்கொண்டவரின் வழித்தோன்றலை, சுவரில் எழுத்து இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது? சோழர் காலக் கோயில், கட்டியவர் காலத்தைவிட வரப்போகும் தலைமுறைகளையே கூடுதலாக எண்ணிக் கட்டப்பட்டது என்பதை இந்த ஏற்பாடு ஒன்றே காட்டிவிடும்.

திருமழபாடியில் இப்படி எழுத்தைக் காப்பது அரசாணையாகவே நடந்தது. விமானத்தைப் பிரித்துக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரெழுத்துகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1026இல், அவை புதிய சுவரில் ஏறின. இடைப்பட்ட பதிமூன்று ஆண்டுகள் அந்தக் கொடைகளுக்கெல்லாம் ஏடு மட்டுமே சாட்சி.

பிற்காலத்தில் இந்தக் கவனம் தளர்ந்தது. திருப்பணி என்ற பெயரில் பிரித்த சுவர்க் கற்கள் வரிசை மாறியும் தலைகீழாகவும் அடுக்கப்பட்டதைப் பல கோயில்களில் காணலாம். நிலம், நீர், வரி பற்றிய ஓர் ஊரின் கணக்கு முழுவதும் இப்படித் துண்டாகிப்போனது பேரிழப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்சு கல்வெட்டுத் துறைப் பணியைத் தொடங்கினார். 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வெளிவந்தது. துறையினர் ஊர் ஊராகச் சென்று மைப்படி எடுத்தனர். பின்னர் கல் மறைந்துபோன இடங்களில், இன்று ஆய்வாளர்கள் அந்தப் படிகளிலிருந்தே கொடைகளைப் படிக்கின்றனர்.